நாலு பேர் கையெழுத்து

என் கைத்துப்பாக்கி உரிம விண்ணப்பத்தைப் பற்றி நண்பர் ஒருவர் கடந்த வாரம் கேலியாக எழுதிய பதிவையும், அதன் கீழே நடந்த கூத்தையும் உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பதிவை அவர் நீக்கிவிட்டார். ஆகவே நானும் அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அங்கே சிரித்தவர்களில் பலர் எங்கள் கடையில் கைமாற்றாகப் பால் வாங்கிப் போனவர்கள், எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்து சுண்டல் சாப்பிட்டவர்கள். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல உரிமம் வேண்டுமென்றால், உங்களை மூன்று ஆண்டுகளாவது அறிந்த, இரத்த வழியிலோ திருமண வழியிலோ உறவில்லாத நான்கு பேர் உங்களுக்காக உறுதியளிக்க வேண்டும். இவர் பிறருக்குத் தீங்கு செய்யக்கூடியவர் என்று எண்ணும்படி எதையும் செய்ததில்லை, சொன்னதில்லை என்று அவர்கள் சான்று கூற வேண்டும். காவல்துறை அவர்களையும் விசாரிக்கும். அந்த நால்வரில் ஒருவராக இருக்கும்படிதான் அந்த நண்பரைக் கேட்டேன். சரி என்றார். பிறகு, "என் பேரு போலீஸ் ரெக்கார்டுல வேண்டாம்மா" என்றார். அதுவரை எனக்கு வருத்தம் மட்டும்தான். அந்த வார இறுதியில் அதையே ஊர் சிரிக்கும் கதையாக எழுதினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் வாதம் ஒன்றுதான். அரசு என்னைச் சோதிக்கட்டும். எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சோதிக்கட்டும். ஆனால் என் உரிமையை அக்கம்பக்கத்தார் தயவில் விடக்கூடாது.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ப்ரூன் வழக்கில், உரிமம் கேட்பவர் சிறப்புத் தேவையைக் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் ரத்து செய்யும்வரை, இந்த மாநிலத்திலும் உரிமம் கேட்பவர் தன் 'நியாயமான தேவை'யை நிரூபிக்க வேண்டியிருந்தது. பொதுவான பயம் போதாது. உங்களைக் குறிவைத்து மிரட்டல் வந்திருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே நீங்கள் தாக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த ஆபத்தை வேறு எந்த வழியிலும் தவிர்க்க முடியாது என்றும் காட்ட வேண்டும். அதாவது, அடி வாங்கிவிட்டு வா, பார்க்கலாம் என்பதே சட்டமாக இருந்தது. தீர்ப்பு வந்த மறுநாளே மாநிலத் தலைமை வழக்கறிஞர் அந்த நிபந்தனையைக் கைவிட்டார். ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட புதிய சட்டம் கட்டணத்தை 200 டாலராக்கியது, பூங்கா, நூலகம், மருத்துவமனை என்று துப்பாக்கி கொண்டுபோகக் கூடாத இடங்களின் நீண்ட பட்டியலைக் கொண்டுவந்தது, மூன்று சான்றாளர்களை நான்காக்கியது. அதே சட்டத்தில் இருந்த கட்டாயக் காப்பீட்டு நிபந்தனைக்கு 2023-இல் நீதிமன்றம் தடை விதித்தது. நாலு பேர் கையெழுத்து அசையாமல் நிற்கிறது.

சோதனைக்கு நான் அஞ்சியதே இல்லை. விரல் ரேகை கொடுத்தேன். குற்றப் பின்னணியைத் தேடிப் பார்க்கட்டும் என்றேன். மனநல மருத்துவப் பதிவுகளைப் பார்க்கவும் ஒப்புதல் எழுதிக் கொடுத்தேன். நம்மில் எத்தனை பேர் அதைத் தயங்காமல் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஐம்பது தோட்டாக்களைச் சுட்டு, அவற்றில் குறைந்தது நாற்பது இலக்கில் பட வேண்டும் என்ற தேர்வையும் முடித்தேன். துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினில் தோட்டாக்களை அழுத்தி ஏற்றும்போது கடைசி இரண்டும் உள்ளே போக மறுக்கும். கட்டைவிரல் நகத்தடியில் இரத்தம் கட்டும். சுடும் கணம் வரை ஆள்காட்டி விரல் விசையைத் தொடவே கூடாது, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும் என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்வார். சமையலறையில் கத்தியைப் பிடிக்கும்போதுகூட அந்த விரல் தானாக நீள்கிறது, அந்த அளவுக்குப் பழகியிருக்கிறேன். இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆபத்தான பொருளைக் கையில் எடுப்பவர் இதற்கு மேலும் பழக வேண்டும் என்றுதான் சொல்வேன். இவ்வளவும் செய்த பிறகு, "சரி, நாலு பேரைக் கூட்டி வா" என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

குடியேறியவர்களுக்கு அந்த நாலு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்பவருக்கு இது ஒரே மாலையில் முடியும் வேலை. நமக்கு நெருங்கியவர்கள் பெரும்பாலும் உறவினர்கள்; அவர்கள் செல்லாது. மீதிப் பேரில் பலர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார்கள், கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகளாக நிற்கிறார்கள். காவல்துறையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தாலே அவர்களுக்கு அன்றைய தூக்கம் போய்விடும். அவர்களை நான் குறை கூறமாட்டேன், கேட்கவும் மாட்டேன். வேலை மாறி ஊர் மாறி வந்தவர்களுக்கு மூன்று ஆண்டுப் பழக்கமே அரிது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் எழுதப்படவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அது யாரை வாசலில் நிறுத்துகிறது என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியும்.

"பெண்ணுக்கு எதற்குத் துப்பாக்கி, அவசரத்துக்குக் காவல்துறையை அழைக்க 911 இருக்கிறதே" என்று எழுதிய தம்பிக்குச் சொல்கிறேன். நாங்கள் கடையைச் சாத்துவது இரவு பதினொரு மணிக்கு. பின்பக்கம் கார் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு விளக்கு. என் கணவருக்கு முதுகு அறுவை சிகிச்சை நடந்த குளிர்காலம் முழுக்க, அன்றைய வசூலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நான்தான் தனியாக நடந்தேன். ஒருநாள் என் கார் கதவில் சாய்ந்தபடி ஒருவன் நின்றிருந்தான். நான் திரும்பிக் கடைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். அவன் வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. காவலர்கள் வந்தார்கள், நல்லவிதமாகவே நடந்துகொண்டார்கள். அதற்குள் அவன் போய்விட்டான். அவர்கள் வரும்வரை இருந்த நேரம் முழுவதும் எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். 2005-ஆம் ஆண்டு காசில் ராக் வழக்கில், கணவர் நெருங்கக்கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு கையில் இருந்த பெண்ணுக்கே, அதைக் காவல்துறை நிறைவேற்றியாக வேண்டும் என்று கோரும் அரசியலமைப்பு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 911-ஐ நம்பு என்பவர்கள் அந்தத் தீர்ப்பையும் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

2015-இல் இதே மாநிலத்தில், பெர்லின் டவுன்ஷிப்பில், முன்னாள் காதலனுக்கு எதிராகத் தடையுத்தரவு பெற்றிருந்த ஒரு பெண் கைத்துப்பாக்கி வாங்கவே அனுமதி கேட்டுக் காத்திருந்தார். அதற்குச் சட்டம் வைத்திருந்த கெடு முப்பது நாள். கெடு கடந்தும் அனுமதி வரவில்லை. தன் வீட்டு வாசலிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவர் கேட்டார், காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தபோது செத்தார் என்பதைச் சொல்ல முடியும்.

பள்ளித் துப்பாக்கிச் சூடுகளை எனக்கு நினைவூட்டியவர்கள் பலர். எனக்கும் பள்ளியில் படிக்கும் மகள் இருக்கிறாள். ஆயுததாரி நுழைந்தால் எப்படி ஒளிவது என்று அவளுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். நியூ ஜெர்சியில் துப்பாக்கிச் சாவுகள் பல மாநிலங்களைவிடக் குறைவு, அதற்கு இந்தச் சட்டங்களும் ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கட்டும். ஆனால் விரல் ரேகை கொடுத்து, காத்திருந்து, கட்டணம் கட்டி வருபவளைத் தடுத்து நீங்கள் யாரைக் காப்பாற்றினீர்கள்?

"இந்தியாவிலிருந்து வந்துவிட்டு அமெரிக்கத் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1878-இல் வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. நம்பத்தக்கவர் யார் என்று அதிகாரத்தில் இருப்பவர் முடிவு செய்வது நமக்குப் புதிதல்ல. ப்ரூன் வழக்கில் நியூயார்க் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்குத் தங்கள் கருத்தை எழுதிக் கொடுத்தவர்களில், ப்ராங்க்ஸ் பகுதியில் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக இலவசமாக வாதாடும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்ததாகச் சிறைக்குப் போகும் தங்கள் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும்தான் என்று அவர்கள் எழுதினார்கள். இது வெள்ளைக்காரப் பண்ணைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சிரிப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் என்னை நோகடித்தது சட்டம்கூட இல்லை. பதினைந்து ஆண்டுகளாக நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குப் பாத்திரம் கழுவியிருக்கிறேன். உங்களில் எத்தனை பேருடைய அப்பா அம்மாவை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்திருக்கிறேன். நான் யாருக்கும் தீங்கு நினைக்காதவள் என்று ஒரு படிவத்தில் எழுத உங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது. என்னை "துப்பாக்கி அக்கா" என்று எழுத மட்டும் ஒருவருக்கும் தயக்கம் இல்லை.

எனக்கு இன்னும் ஒரு கையெழுத்து வேண்டும். என்னை மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த, உறவினர் அல்லாத எவரேனும் முன்வந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். மனமில்லாதவர்கள் இல்லை என்று என்னிடமே சொல்லிவிடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அதைப் பதிவாக எழுதாதீர்கள்.