காட் நீர்மூழ்கியின் உடலில் கதவு வெட்டப்படவில்லை

அருங்காட்சியகமாக்கப்பட்ட எல்லா நீர்மூழ்கிகளிலும் பக்கச்சுவரை வெட்டி, கதவும் படிக்கட்டும் வைத்துவிட்டார்கள் என்று ஒரு கருத்து வந்து, பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். பல கப்பல்களுக்கு இது பொருந்தும். ஆனால் ‘எல்லா’ என்பது சரியில்லை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், ஈரி ஏரிக்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் யுஎஸ்எஸ் காட் என்ற நீர்மூழ்கிக் கப்பல் இதற்கு விலக்கு. 1943இல் கடலில் இறங்கிய இந்தக் கப்பலின் உடலில் பார்வையாளருக்காக எந்தக் கதவும் வெட்டப்படவில்லை. போர்க்காலத்தில் மாலுமிகள் இறங்கிய அதே வட்டத் திறப்பு வழியாக, அதே செங்குத்து இரும்பு ஏணியில்தான் இன்றும் இறங்க வேண்டும். உள்ளே ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போவதும் குனிந்து, காலைத் தூக்கி வைத்துத்தான். கதவு வைத்திருந்தால் கூட்டம் இன்னும் வரும். தன்னார்வலர்களுக்குப் பொருட்களை ஏற்றி இறக்குவதும் எளிதாகும். அப்படியும் கப்பலைத் தொடாமல் காத்துவருகிறார்கள். அந்த உழைப்பு ஒரு தவறான வரியில் மறைந்துபோகக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்களே சரிபார்க்கலாம். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் வருகையாளர் குறிப்பைப் பாருங்கள். ஏணியில் ஏறி இறங்க வேண்டும் என்று அங்கே இருக்கும். கப்பலின் இரு பக்கங்களையும் காட்டும் அண்மைப் படங்களையும் தேடிப் பாருங்கள். 1986இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்கான ஆவணத்தை அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையிடம் யாரும் பார்க்கலாம்.