எது அண்ணை ‘அசல் இங்கிலிஷ் பாட்டு’?

சனிக்கிழமை பிறந்தநாள் விழாவில் நடந்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை, வீடியோ எல்லாருடைய போனிலும் இருக்கு. கறுப்பின ராப் பாடகர் ஸ்ரோம்சியின் பாட்டைப் போட்ட பெடியனிடமிருந்து மைக்கைப் பறித்து, “உந்தக் கறுவல் பாட்டை நிப்பாட்டு, இந்த நாட்டுக்கெண்டு ஒரு கலாசாரம் இருக்கு, ஒயேசிஸைப் போடு” என்றார் எங்கட அண்ணை. அதுக்குக் கைதட்டல் வேறு.

சரி, ஒயேசிஸையே போடுவம். அந்த ராக் குழுவின் அண்ணன் தம்பி நோயல், லியாம் கலாகரின் தாயும் தகப்பனும் அயர்லாந்திலிருந்து மான்செஸ்ரருக்குப் பிழைக்க வந்தவர்கள். அயர்லாந்துக்காரன் என்றால் அறை வாடகைக்குக் கொடுக்காத வீட்டுக்காரர்கள் இருந்த நாடு இது. அந்த ஐரிஷ் வீட்டுப் பிள்ளை நோயல்தான் 1996இல் மேன் ரோட் மைதானத்தில் யூனியன் ஜாக், அதுதான் பிரித்தானியக் கொடி, வரைந்த கிற்றாரோடு நின்றது. ஸ்மித்ஸ் குழுப் பாடகர் மொரிசி? ஐரிஷ் பிள்ளை. அதே குழுவில் கிற்றார் வாசித்த ஜொனி மார்? ஐரிஷ். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுப் பாடகர் ஜொனி ரொட்டன்? அவரும்தான். வந்தேறி பெத்த பிள்ளைகளைக் கழித்துவிட்டால் இந்த நாட்டுப் பாட்டில் என்ன மிஞ்சும்? தேசிய கீதம் மிஞ்சும். அதை 1745இல் லண்டன் நாடக மேடையில் பாடி வாழ்த்தின அரசர் இரண்டாம் ஜோர்ஜும் ஜேர்மனியில் பிறந்தவர்!

தொண்ணூறுகளில் நான் பெற்றோல் செற்றில் இரவு வேலை. ஸ்கின்ஹெட் என்கிற வெள்ளைக்காரப் பெடியளின் மொட்டைத் தலையும் பூட்ஸும் கண்டால் கை தானாக அலாரம் பொத்தானுக்குப் போகும். அப்படி ஒருத்தன், நாற்பது தாண்டியவன், சிகரெட்டுக்கு வருவான். ஒருநாள் அவன்ர காருக்குள்ள ஜமேக்காவின் ரெகே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் முழிக்க, அவன் சிரித்தான். பிறகு இரவிரவாக வகுப்புத்தான். முதல் ஸ்கின்ஹெட்டுகள் 1969 அளவில் ஜமேக்காப் பெடியளின் நடையையும் உடுப்பையும் பார்த்துப் பழகினவர்கள், ஆடினது ட்ரோஜன் கம்பெனி வெளியிட்ட ஜமேக்கா இசைத்தட்டுகளுக்கு என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“அப்ப லண்டன் சவுத்ஹோலில் ஆசியர்களை அடிச்சது ஆர்?” என்று வருவீர்கள். ஸ்கின்ஹெட்தான். வந்தேறிகளை எதிர்த்த நஷனல் ஃப்ரன்ற் கட்சி அவர்களுக்குள் புகுந்து ஆள் பிடித்தது. 1981 ஜூலையில் அங்கே ஹாம்பரோ டவேர்ன் என்ற மதுச்சாலை எரிந்ததும் தெரியும். ஆனால் அதே மாதம் இந்த நாட்டில் முதலிடத்தில் இருந்த பாட்டு யாருடையது? கொவென்ரியில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நடத்தின ஸ்பெஷல்ஸ் குழுவுடையது. இதை ஏன் ஒருத்தரும் ஞாபகம் வைக்கிறதில்லை?

“ராப் பாட்டில் கத்தி, ரத்தம்” என்கிறவர்களுக்குப் பதில் இல்லை. அரிவாளோடு ஹீரோ வர விசிலடித்த வாய்கள் தயவுசெய்து மூடியிருக்கட்டும்.

ஸ்ரோம்சி குரோய்டனில் பிறந்தவர், தாய் கானாக்காரி. 2019இல் கிளாஸ்ரன்பரி இசை விழா மேடையில் யூனியன் ஜாக் வரைந்த கத்திக்குத்துக் கவசம் போட்டுக்கொண்டு நின்றார். அதே கொடிதானே? கிற்றாரில் இருந்தால் கலாசாரம், கறுப்பு நெஞ்சில் இருந்தால் மட்டும் உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?

அண்ணை, 2025இல் தெருவெல்லாம் விளக்குக் கம்பத்தில் கொடி கட்டினவர்கள் உங்கட காரில் என்ன பாட்டுப் போகுது என்று கேட்டுவிட்டா முறைச்சுப் பார்த்தார்கள்? ஒயேசிஸ் போட்டால் உங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டு இருத்துவார்கள் என்ற நினைப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து லண்டன் மிச்சம் (Mitcham) பகுதியில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாட வந்தபோது “இதென்ன சத்தம், இதென்ன உடுப்பு” என்று கேட்டவர்களில் நீங்களும் ஒருத்தர். 2019இல் அரச விருது அறிவித்த அன்று “எங்கட பிள்ளை” என்று படம் போட்டதும் நீங்கள்தான். ஸ்கிரீன்ஷொட் இருக்கு, வேணுமெண்டால் கமெண்டில் போடுறன்.