ஹாலோகிராம் ஒட்டிய லட்சுமி

ரவி வர்மாவின் லட்சுமி படம் ஒன்றைக் காட்டி, விலை சரியா என்று ஒரு பெண்மணி கேட்டிருந்தார். அந்தப் பதிவில் நான் போட்ட ஒரே ஒரு கமெண்டுக்கு இன்னும் திட்டு வந்துகொண்டிருக்கிறது. அப்படி என்ன சொல்லிவிட்டேன்? “இது ஆஃப்செட் பிரிண்ட், அதாவது இந்தக் காலத்து மெஷின் அச்சு, பழைய ரவி வர்மா படத்தின் விலை கொடுத்து வாங்காதீர்கள்” என்றேன். உடனே சான்றிதழைப் படமெடுத்துப் போட்டார்கள். தங்க பார்டர், ஹாலோகிராம், 212/500 என்று ஒரு எண் (500 பிரதியில் இது 212-வதாம்), கீழே கையெழுத்து. “இதுக்கு மேல என்ன சார் ஆதாரம் வேணும்?”

கையெழுத்து யாருடையது என்று ஒருவரும் பார்க்கவில்லை. படத்தை விற்றவருடையது! மாட்டுக்கு நற்சான்று தரகரே எழுதிக் கொடுத்த மாதிரி. ரவி வர்மா 1906-லேயே போய்விட்டார். 500 பிரதிதான் என்று முடிவு செய்தது யார்? 501-வது அடிக்கப்படாது என்பதற்கு யார் ஜாமீன்?

ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியது 1894-ல். பிறகு அது லோனாவலா பக்கம் மளவலிக்கு இடம் மாறி, ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரர் கைக்குப் போனது. ஓவியர் மறைந்த பிறகும் அவர் பெயரிலேயே பல காலம் படங்கள் வந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் அச்சு, மேலே வார்னிஷ். ஓலியோகிராஃப் என்பது இதுதான். ஆக, ‘ஒரிஜினல் ஓலியோகிராஃப்’ என்பதே கூட்டமாக அச்சடித்த சரக்குதான். அதில் கேவலம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வீடு சாமி படம் போய்ச் சேர்ந்ததே அப்படித்தான். ஆனால் எந்தக் காலத்து அச்சு என்று பார்க்காமல் விலை சொல்ல முடியாது. அதைச் சான்றிதழ் சொல்லாது, தாள்தான் சொல்லும்.

அவர்களே பெருமையாகப் போட்ட குளோசப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். லட்சுமியின் கன்னத்தில் வரிசை பிசகாத நாலு கலர் புள்ளிகள், ஆஃப்செட்டின் அடையாளம். கல் அச்சில் புள்ளி இப்படி அணிவகுத்து நிற்காது, மணல் தூவியது போல ஏறுக்குமாறாக இருக்கும். இன்னொரு வேடிக்கை, இடது மூலையில் ஒரு பழுப்புக் கறை. பழைய படம் என்பதற்கு அதையும் ஆதாரமாகக் காட்டினார்கள். அந்தக் கறைக்குள்ளும் அதே நாலு கலர் புள்ளிதான் இருக்கிறது. கறை தாளில் இல்லை ஐயா, கறையையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்.

“நீ என்ன சர்டிபைடு வேல்யூவரா?” என்று ஒருவர். இல்லை. ஃபிரேம் கடையில் வளர்ந்தவன். என் சித்தப்பா கடைக்குச் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து படங்கள் வரும். பின்பலகையைக் கழற்றினால் துருப்பிடித்த ஆணி, மக்கிய செய்தித்தாள், கரையான் மண். ஒரு ஆச்சி கொண்டுவந்த சரஸ்வதிக்குச் சேலை முழுக்க அசல் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருந்தது. சித்தப்பா வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதைத் தொட்டார், மூச்சுப் பட்டால்கூட சமிக்கி உதிருமாம். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. பெரும்பாலான படங்களில் அது இருக்காது. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்தக் காலத்து ஆசாரிகள் ஓரத்தை நறுக்கி எறிந்துவிடுவார்கள். உண்மையான சான்றிதழ் அந்த ஓரம்தான். அது குப்பைக்குப் போனது, ஹாலோகிராம் ஃபைலுக்குள் இருக்கிறது.

“வெளிநாட்டில் லிமிடெட் எடிஷனுக்கு மதிப்பு இல்லையா?” நியாயமான கேள்வி. உண்டு. ஓவியர் உயிரோடு இருந்து, தானே மேற்பார்த்து, எண்ணும் கையெழுத்தும் போட்டால் உண்டு. அதிலும் ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி என்ன செய்தார்? வெற்றுத் தாளில் கையெழுத்து போட்டுக் கொடுத்தார். 1974-ல் பிரெஞ்சு சுங்கத்துறை பிடித்த ஒரு வண்டியில் அப்படிப்பட்ட தாள்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அசல் கையெழுத்துக்கே அந்தக் கதி. கடைக்காரர் கையெழுத்துக்கு என்ன மரியாதை கொடுக்கச் சொல்கிறீர்கள்?

“ஆசையாக வாங்கினவங்க மனசை ஏன் நோகடிக்கிறீங்க?” இதுதான் எனக்கு உறைத்தது. நோகடித்தது நானா? பூஜை அறையில் மாட்ட வேண்டும் என்றால் நல்ல ஆஃப்செட் படமே போதும், நானே சட்டம் போட்டுத் தருகிறேன். லட்சுமி கடாட்சத்துக்குச் சீரியல் நம்பர் வேண்டாம். அந்தப் பெண்மணி விலை சரியா என்று கேட்டார், நான் பதில் சொன்னேன். ஏமாற்றியவருக்கு வாழ்த்து, சொன்னவனுக்கு ‘வயித்தெரிச்சல் பிடிச்சவன்’ பட்டம். நன்றி.

கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்த சாமிகள் சிவகாசி காலண்டரில் வந்து எத்தனை சுவரில் தொங்கின! வருஷம் முடிந்ததும் தேதியைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டம் போடக் கொண்டுவருவார்கள். ராஜு 1976-ல் மறைந்தார். அந்தத் தாளை இன்று பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுகிறோம். அவருடைய அசல் காலண்டரைக் காட்டி ஒருவரும் என்னிடம் விலை கேட்டதில்லை, அதற்கு ஹாலோகிராம் இல்லையே. என்னைத் திட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் படம் இருந்திருக்கும், எங்கே போனது என்று கேட்டால் தெரியாது. கலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

கமெண்டை நீக்க மாட்டேன். திட்டிக்கொண்டே இன்பாக்ஸில் “சார், இது எவ்வளவு போகும்?” என்று கேட்பவர்களுக்கு: சட்டத்தைக் கழற்றி, நாலு ஓரத்தையும் பின்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். சான்றிதழை அனுப்ப வேண்டாம்.