மெக்காலே நாடாளுமன்றத்தில் ஆற்றாத உரை

"இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை" என்று தொடங்கி, இந்நாட்டின் முதுகெலும்பை முறிக்க அதன் கல்விமுறையை மாற்ற வேண்டும் என்று கூறும் உரையை, பின்னாளில் 'இங்கிலாந்தின் வரலாறு' எழுதிய தாமஸ் பாபிங்டன் மெக்காலே, 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றியதாக வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி பொய்யானது.

லீட்ஸ் தொகுதி உறுப்பினர் பதவியிலிருந்து விலகிய மெக்காலே, 1834 ஜூனில் சென்னையில் கரையிறங்கி, உதகமண்டலத்தில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் பெண்டிங்கைச் சந்தித்தபின் கல்கத்தா சென்று, 1838 தொடக்கம் வரை தலைமை ஆளுநரின் ஆலோசனை சபையில் சட்ட உறுப்பினராக இருந்தார். ஆகவே அந்த நாளில் அவர் லண்டனில் பேசியிருக்க வழியே இல்லை.

அந்தத் தேதியில் அவர் உண்மையில் எழுதியது கல்வி பற்றிய குறிப்பறிக்கை. திருடரில்லாத நாடு என்ற புகழ்ச்சி அதில் எங்கும் கிடையாது. மாறாக, நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா ஆகியவற்றின் இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்கிறார். தமக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்பதையும் அதிலேயே ஒப்புக்கொள்கிறார். மெக்காலேயைக் கண்டிக்க விரும்புவோருக்கு இந்த அசல் வரிகளே போதும். போலி உரை தேவையில்லை. அக்குறிப்பறிக்கையின் வழியில், ஆங்கிலக் கல்விக்கே அரசு நிதியைச் செலவிடும் ஆணையை 1835 மார்ச் 7 அன்று பெண்டிங் பிறப்பித்தார்.