மண்ணுக்கு என்ன செய்வீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம் வாசகசாலையில் நடந்ததை வந்திருந்த எல்லோரும் பார்த்தீர்கள். நூறு வருஷத்தில் செவ்வாய் கிரகத்தில் தோப்பே போடலாம், பூமி இனி அவ்வளவுதான் என்று பேசிய தம்பியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: மண்ணுக்கு என்ன செய்வீர்கள்? "அண்ணா, நீங்க தோட்டத்தைப் பாருங்க, இது சயின்ஸ்" என்றார். கூட்டம் சிரித்தது.

சரி, சயின்ஸே பேசுவோம். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. துருவப் பனியை ஆவியாக்கினால் காற்று கூடிச் சூடாகிவிடும் என்றார் தம்பி. 2018-இல் விஞ்ஞானிகள் புரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் அதைத்தான் கணக்குப் போட்டார்கள். பனி முழுக்கப் போனாலும் அழுத்தம் பூமியுடையதில் 1.2 சதவீதத்துக்குத்தான் வரும். வேறு எங்கெங்கோ சுரண்டிச் சேர்த்தாலும் இன்றைய தொழில்நுட்பத்தில் முடியாது என்றார்கள். அதைச் சொன்ன ஜகோஸ்கி, செவ்வாயின் காற்று எப்படித் தொலைந்தது என்று ஆராயும் மேவன் விண்கலத் திட்டத்தையே நடத்தியவர்.

அப்புறம் மண். 2008-இல் செவ்வாயில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது பெர்குளோரேட் உப்பு. தைராய்டைக் கெடுக்கிற சாமான்.

வேலந்தாவளம் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர். அப்பா வாங்கும்போது வெறும் சுண்ணாம்புக்கல் காடு, கொழு இறங்காது. சணப்பு விதைத்து மடக்கி உழுதார், ஆட்டுப்பட்டி போட்டார். எட்டாம் வருஷம் ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு மண்கட்டியை உடைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உள்ளே சேமியா தடிமனில் ஒரு மண்புழு. அன்று காப்பிக்குக்கூட வராமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். காற்று இருந்தது, மழை இருந்தது, ஆடு இருந்தது. அப்படியும் ஏழு வருஷம் போனது.

நான் அறிவியலுக்கு எதிரி என்பீர்கள். 2013 நவம்பர் 5-இல் மங்கள்யான் கிளம்பியதை டீக்கடை டிவியில் பார்த்துக் கண் கலங்கியவன் நான். நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி செவ்வாய்க் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்ததும் பெரிய சாதனைதான். ஆனால் 2021 முதல் 2023 வரை எடுத்தது மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு நாலு மணி நேரத்துக்குப் பத்தாது.

கண்ணாடிக் கூடாரம் போடுவோம் என்பீர்கள். 1991-இல் அரிசோனாவில் எட்டுப் பேர் அப்படி உள்ளே போனார்கள். மண்ணில் இருந்த நுண்ணுயிர்களே ஆக்சிஜனைக் குடித்து அளவு 14 சதவீதத்துக்கு இறங்கி, வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. பூமியிலேயே! மறுபடியும் அதேதான் கேட்கிறேன், மண்ணுக்கு என்ன செய்வீர்கள்?

ஆயிரம் வருஷத்தில் நடக்கலாம் என்றால் சண்டைக்கு வரமாட்டேன், நடக்கட்டும். ஆனால் இந்தப் பூமி அவ்வளவுதான் என்று எப்படி வாய் வந்தது? 1970-இல் தமிழ்நாடும் கேரளாவும் பரம்பிக்குளம்-ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டும் மணக்கடவு வழியாகக் கேரளாவுக்கு எத்தனை தண்ணீர் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தண்ணீரை நம்பித்தான் நான் விதைக்கிறேன். அதைப் பார்த்தா சிரித்தீர்கள்?

என் பொண்ணு ஏழாவது படிக்கிறாள். விண்வெளி என்றால் உயிர், அவளுக்காகத்தான் வந்தேன். கூட்டம் சிரித்தபோது பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டாள். பஸ்ஸில் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.