போன் பேசினார் என்பதோடு முடித்துவிடாதீர்கள்

ஸ்பெயினின் சாந்தியாகோ ரயில் விபத்தின் அந்த சிசிடிவி காட்சி மறுபடியும் சுற்றுகிறது. கீழே எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் எழுதுகிறார்கள்: "டிரைவர் போன் பேசினான், 79 பேர் செத்தாங்க." படிக்கப் படிக்க எரிச்சலாக வருகிறது.

2013 ஜூலை 24. டிரைவரைப் போனில் அழைத்தது அதே ரயிலின் டிக்கெட் பரிசோதகர், வேலை விஷயமாக, சுமார் 100 விநாடி. 200 கி.மீ. வேகத்தில் அதற்குள் ஐந்தரை கிலோமீட்டர் ஓடிவிடும். புதுப் பாதை முடிந்ததும் ஆங்க்ரோயிஸ் வளைவு. அனுமதி 80. தடம் புரண்டது 179-இல். எங்கே பிரேக் போடுவது என்பதற்கு டிரைவரிடம் இருந்தது அட்டவணைக் குறிப்பும் ஞாபகமும்தான்.

ஈடிசிஎஸ், அதாவது ரயிலின் வேகத்தைக் கணினி கண்காணிக்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பு, வேலை செய்திருந்தால்? ரயிலின் நீளம், பிரேக் திறன், பாதையின் சரிவு எல்லாம் சேர்த்துக் கணினி பிரேக் கணக்கைப் போட்டுவிடும். திரையில் இன்னும் எத்தனை மீட்டர் என்று ஒரு பட்டை குறைந்துகொண்டே வரும். வேக வட்டம் மஞ்சளாகும். மீறினால் ஆரஞ்சு, கூடவே சத்தம். அதையும் மீறினால் சிவப்பு, பிரேக் தானாக விழும். போன் காதில் இருந்தாலும் விழும்.

அந்தப் பாதையில் ஈடிசிஎஸ் இருந்தது, வளைவுக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே முடிந்துபோனது. அந்த வகை ரயிலில் கோளாறு என்று 2012-லேயே அதை அணைத்தும் வைத்திருந்தார்கள். மிச்சம் அஸ்ஃபா, ஸ்பெயினின் பழைய பாதுகாப்பு அமைப்பு. அது அங்கே சிக்னலைத்தான் பார்க்கும், வளைவு அதற்குத் தெரியாது. டிரைவர்களுக்குப் பொறுப்பான ஒருவர் 2011-லேயே இந்த இடத்தைப் பற்றி எழுத்தில் எச்சரித்திருந்தார். இத்தனைக்கும் பிறகு போன், போன் என்றால் மனசு வலிக்கிறது.

"கணினியை நம்பினால் டிரைவர் மந்தமாகிவிடுவார்" என்பீர்கள். கொஞ்சம் உண்மைதான். புறப்படும்போது ரயிலின் பிரேக் திறனைச் சொல்லும் சதவீதத்தைத் தப்பாக உள்ளிட்டால் கணக்கும் தப்பாகும். ஆனால் கணினியைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பதை 2015 நவம்பர் 14-இல் பிரான்ஸின் எக்வெர்ஷைமில் பார்த்தோம். டிஜிவி என்ற அதிவேக ரயிலின் சோதனை ஓட்டத்துக்காகத் தானியங்கி வேகக் கட்டுப்பாட்டை விலக்கினார்கள். பிரேக் போடும் இடத்தை மனிதர்களே முடிவு செய்தார்கள். பிரேக் தாமதமாக விழுந்தது. 176-இல் போக வேண்டிய வளைவில் 243. 11 பேர் போனார்கள். அங்கே யார் போன் பேசினார்கள்?

சாந்தியாகோ டிரைவர் மேல் தவறே இல்லையா? இருக்கிறது, அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் விபத்துக்குப் பிறகு அதே இடத்தில் வேகத்தைக் கண்காணிக்கும் அஸ்ஃபா பலீஸ்களை (ரயிலுக்குத் தகவல் அனுப்பும் தண்டவாளக் கருவிகளை) பதித்தார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. முன்பே இருந்த பொருள்தான், முன்பே பதித்திருக்கலாம்.