யார் போன் செய்தது என்று தேடுகிறவர்களுக்கு

எங்கள் குடியிருப்பின் பி பிளாக் விஷயம் என் நட்பில் இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம். அந்த வீட்டைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ இங்கே ஒரு வரிகூட எழுதமாட்டேன். கமெண்டிலும் யாரும் எழுதாதீர்கள், அழித்துவிடுவேன். நான் எழுத வந்தது நம் வாட்ஸப் குழுவில் நடப்பதைப் பற்றி.

யாரோ 1098க்கு, அதாவது குழந்தைகள் உதவி எண்ணுக்கு, போன் செய்திருக்கிறார்கள். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று மாலையிலிருந்து குழுவில் ஒரே கேள்விதான்: "யார் போன் செய்தது?" வாட்ச்மேனை நிற்க வைத்து விசாரணை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் "நீதானே சொன்னாய்?" என்று மிரட்டல். அசோசியேஷன் கூட்டத்தைக் கூட்டி ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். குடும்ப மானத்தை ரோட்டுக்கு இழுத்தவர்களைச் சும்மா விடக் கூடாது என்கிறார் இன்னொருவர். எல்லா மெசேஜையும் மேலிருந்து கீழே படித்தேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒருவர்கூட. இவ்வளவுக்கும் அந்த அழுகையை எல்லாரும் கேட்டிருக்கிறோம். லிஃப்ட்டில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். "பாவம்" என்று சொல்லிவிட்டு அவரவர் தளத்தில் இறங்கிப் போயிருக்கிறோம். பாவம் என்று சொன்னால் தப்பில்லை, போன் எடுத்தால் துரோகமா?

"ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்கிறீர்கள். ஆதாரம் தேடுவது போன் செய்தவரின் வேலை இல்லை. நிரூபிப்பதும் அவர் வேலை இல்லை. எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை, பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பாருங்கள் என்று கூப்பிடுவதற்குத்தான் அந்த எண். 1996இல் மும்பையில் தெருவோரக் குழந்தைகளுக்காக ஆரம்பித்தது. 2023 முதல் அரசே அதை எடுத்து 112 அவசர எண்ணோடு இணைத்து நடத்துகிறது. போன் செய்கிறவர் பெயர் சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலோ இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தோ, நடக்கலாம் என்று தோன்றியோ சொல்லாமல் இருக்கக் கூடாது என்கிறது 19ஆவது பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19ஆவது பிரிவில்தான் இருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த இந்த விஷயம் நம் குடியிருப்புக்கு ஏன் தெரியவில்லை?

"போன் செய்தால் பிள்ளையைப் பிடுங்கி ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஹோம்களைப் பற்றி நாம் கேள்விப்படும் செய்திகள் அப்படி. ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தை ஒருமுறை படியுங்கள் அண்ணா. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்குத்தான், ஹோமில் சேர்ப்பது கடைசி வழி என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து பேசுவார்கள், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், பள்ளியில் விசாரிப்பார்கள். பாதுகாப்புத் தேவை என்று பிள்ளையை அழைத்துப்போனால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அங்கே தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள், யாரோ ஒரு அதிகாரி தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்க முடியாது. வறுமைதான் காரணம் என்றால், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழி இருக்கிறது. அந்த உதவி தேவைப்படும் வீட்டுக்கு அதைப் பற்றி யார் போய்ச் சொல்வது? நாமா சொன்னோம்?

பொய்ப் புகார் கொடுக்கிறார்களே என்பீர்கள். கொடுக்கிறார்கள்தான். வாடகைத் தகராறுக்கெல்லாம் இதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னால் போக்சோவிலேயே தண்டனை இருக்கிறது. அதற்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றால், நான் ஏற்கமாட்டேன்.

எங்கள் அத்தை சாத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் பால்வாடி டீச்சராக இருந்தார். தொண்ணூறுகளின் கடைசி. முட்டை போடும் நாளில் ஒரு பையன் அதைச் சாப்பிடாமல் டவுசர் பாக்கெட்டில் ஒளித்து வைப்பான். சோற்றைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அள்ளி அள்ளி விழுங்குவான், யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல. ஒரு நாள் கால் கழுவிவிடும்போது தொடையில் சூடு வைத்த தழும்பைப் பார்த்திருக்கிறார். 1098 என்று ஒன்று இருப்பதே அந்த ஊரில் அப்போது யாருக்கும் தெரியாது. ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னால், "வீட்டு விஷயம், உனக்கெதுக்கும்மா" என்றார்கள். அத்தை பஸ் பிடித்து அந்தப் பையனின் தாய்மாமன் ஊருக்குப் போய்விட்டார். மாமன் வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போனார்.

அப்புறம் அத்தை பட்டது கொஞ்சமில்லை. பையனின் அப்பா வகையறா தெருவில் நின்று ஏசினார்கள். அத்தை வீட்டு விசேஷத்துக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. சொந்த வீட்டிலேயே "ஊர் வம்பை இழுத்து வந்தவள்" என்று பேச்சு. அத்தை திருப்பிச் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை தின்றதைப் பார்த்தவ நான். நீங்க பார்க்கல." இத்தனை வருடம் கழித்து, லிஃப்ட்டும் ஜிம்மும் இருக்கிற இடத்தில் அதே பேச்சைக் கேட்கிறேன்.

இப்போது குழுவில் எனக்கு வந்த பதிலுக்கு வருகிறேன். "பெற்று வளர்த்தவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும், பிள்ளை இல்லாதவர்கள் கருத்துச் சொல்ல வேண்டாம்." என் பெயர் போடாமல் ஒருவர் எழுதியிருக்கிறார். யாருக்கு எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டியவர்களையும் பார்த்தேன்.

ஆமாம், எனக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்கு ஆபீஸில் லேட்டானால் உங்கள் வீட்டுச் சாவி யார் வீட்டில் இருக்கும்? உங்கள் மகள் வீட்டுப்பாடம் எழுதியது யார் டைனிங் டேபிளில்? ஜுரம் வந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நீங்கள் வரும்வரை நெற்றியில் ஈரத்துணி வைத்தேனே, அன்றைக்கு நான் பிள்ளை இல்லாதவள் என்பது உங்களுக்குத் தோன்றவில்லையா? உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் வேண்டும், இன்னொரு பிள்ளைக்காக வாய் திறந்தால் நான் யாரோ. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அடிக்காமல் பிள்ளை வளருமா என்று கேட்பவர்களிடம் நான் விவாதம் செய்யப் போவதில்லை. பொறுப்பில் இருப்பவரே குழந்தையைத் துன்புறுத்தினாலும், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை என்று இருக்கிறது. அது பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

போன் செய்தது நீதானா என்று நேற்று இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். பதில் சொல்லமாட்டேன். இல்லை என்று நான் சொன்னால் அடுத்த ஆளைத் தேடுவீர்கள், அது அந்த வேலைக்கார அக்காவில் போய் நிற்கும். அவர் பிழைப்பு போகும். என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருங்கள், பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. குழுவில் ஒருவர் அந்தக் குழந்தை யூனிஃபார்மோடு நிற்கும் போட்டோவைப் போட்டு, "இந்தப் பிள்ளையைப் பார்த்தால் கொடுமைப்படுத்தியதுபோலவா இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். பள்ளியின் பெயர்கூடத் தெரிகிறது. பலர் அதை வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட விசாரணையில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். போட்டவர் அழிக்காவிட்டாலும் அட்மினால் எல்லாருக்கும் சேர்த்து நீக்க முடியும். அட்மின் சார், நாளைக் காலை வரை பார்ப்பேன். அப்போதும் அந்தப் போட்டோ அங்கே இருந்தால் 1098க்கு நான் போன் செய்வேன், என் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்லியே செய்வேன்.